சின்னாறுக்கு மேலே தண்ணீர் இல்லை

கிழக்கிலிருந்து காற்று வரும். கோயம்புத்தூர்ப் பக்கத்து வறண்ட வெளி முழுவதையும் வாரிக்கொண்டு, இரண்டு மலைத்தொடர்களுக்கு நடுவே இருக்கிற அந்த ஒற்றை வாசலில் முட்டிமோதிப் பாலக்காட்டுக்குள் நுழையும். கார்த்திகையில் ஆரம்பித்தால் மாசி வரைக்கும் ஓயாது. பனைகள் ஓலையை மேற்கே நீட்டியபடி நாள் முழுக்கச் சலசலக்கும். வாளையாரில் வரிசைகட்டி நிற்கும் லாரிகளின் தார்ப்பாய்கள் அடித்துக்கொள்ளும். சட்டைக்குள் புகுந்து முதுகை உப்ப வைக்கும். அந்தக் காற்றில்தான் எழுபதுகளில் ஐந்து வருடம் சைக்கிள் மிதித்தேன். பொழுதுபோக்குக்கு இல்லை. மிதிப்பதற்காகவே ஒரு நூல் மில் என்னை வேலைக்கு வைத்திருந்தது.

இப்போது சொன்னால் சிரிக்கிறார்கள். அப்போது எல்லைப் பக்கத்து மில்களில் கைப்பந்துக்கு ஆள் எடுப்பார்கள், கபடிக்கு எடுப்பார்கள். எங்கள் மில் முதலாளிக்குச் சைக்கிள் பந்தயம் பைத்தியம். ஐந்து பேர் கொண்ட அணி. ஊதாச் சட்டை, நெஞ்சில் மில்லின் நூல்கண்டு முத்திரை. பேரேட்டில் நாங்கள் எல்லோரும் பதிலிகளாகத்தான் சேர்ந்தோம். நிரந்தரக்காரர் ஒருவர் வராத நாளில் அவருக்குப் பதிலாக மிஷினில் நிற்பவன் பதிலி. மற்றவர்கள் காலையில் கேட்டில் நின்று, யாருக்குக் காய்ச்சல், யார் ஊட்டில் கல்யாணம் என்று காத்திருப்பார்கள். நாங்கள் ஐந்து பேரும் காத்திருக்க வேண்டியதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். காலையில் சாலை, மத்தியானம் பஞ்சு. இரண்டிலும் மூச்சு வாங்கும்.

அணியில் நட்சத்திரங்கள் இரண்டு பேர். பிறந்த ஊரை வைத்து அல்ல, ஜெயிக்கிற சாலையை வைத்து அவர்களுக்குப் பெயர். ஒருவர் சமவெளிக்காரர். தொடை ஒவ்வொன்றும் என் இடுப்பளவு. கடைசி இருநூறு கஜத்தில் அவரை முந்திய ஆள் கோயம்புத்தூர் ஜில்லாவிலும் கிடையாது, பாலக்காட்டு ஜில்லாவிலும் கிடையாது. வாய் ஓயாது. மிதிக்கும்போதும் பேசுவார், தூங்கும்போதும் பேசுவார். போன சீசனில் அவர் ஜெயித்த ஜெயிப்பில் மில் அவரைப் பெர்மனென்ட் ஆக்கிவிட்டது. மற்றவர் மலைக்காரர். ஒல்லி. ஏற்றம் வந்தால் அவர் முகத்தில் ஒரு சாந்தம் வரும், ஏதோ யாரோ அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது மாதிரி. இருபத்தெட்டு வயது, கல்யாணமாகி நாலு வருடம், இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை. ஆனாலும் பதிலி.

மில் தன் ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிக் கொடுத்திருந்த லைன் வீடு பதிலிக்குக் கிடையாது. அதனால் அவர் மனைவியும் குழந்தையும் கொழிஞ்சாம்பாறையில் அவளுடைய அண்ணன் வீட்டில் இருந்தார்கள். மலைக்காரர் எங்களோடு மில்லுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில். ஞாயிற்றுக்கிழமை குளித்து, வேட்டி மாற்றி, வெற்றிலை பாக்கு பழம் வாங்கிக்கொண்டு போவார்.

"சொந்தப் பொண்டாட்டி ஊட்டுக்கு விருந்தாளியாப் போறவன் இந்த ஜில்லாவுலயே நான் ஒருத்தன்தான்டா" என்பார் என்னிடம். "எலை போட்டு, ரசம் ஊத்தி, 'இன்னுங் கொஞ்சம் வெச்சுக்குங்க மாப்ளே'ங்கறாங்க. என்ற கொழந்தை என்னையக் கண்டா அம்மா முந்தானைக்குள்ள ஒளியறா."

சீசன் என்பது தை முதல் பங்குனி வரை. தை பிறந்ததும் எங்கள் மாஸ்டர் ஐந்து பேரையும் டைம் ஆபீஸுக்குக் கூப்பிடுவார். மாஸ்டர் கல்பாத்திக்காரர், ஸ்பின்னிங்கில் தலைமை, அணிக்கும் தலைமை. சைக்கிளில் ஏறி நான் அவரைப் பார்த்ததில்லை. ஒரு முழுத்தாளில் ஐந்து பெயரையும் எழுதி, ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் அந்த சீசனில் அவன் என்ன செய்ய வேண்டும் என்று எழுதி, ஷிப்ட் பட்டியலுக்குப் பக்கத்தில் ஒட்டுவார். மில்லில் ஐந்நூறு பேரும் அதைப் படித்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள்.

அந்த வருடம் சமவெளிக்காரர் பெயருக்கு நேராக "வாளையார் – பாலக்காடு: முதல் இடம்". மலைக்காரருக்கு "மறையூர்: முதல் இடம்". மற்ற இருவருக்கும் பொள்ளாச்சியில் ஏதோ ஒரு திருவிழாப் பந்தயம். எனக்கு ஒரே ஒரு சொல். "உதவி."

"டேய் உதவி, பேரு நல்லா இருக்குதுடா" என்றார் சமவெளிக்காரர். அன்றிலிருந்து மில்லில் எனக்கு அதுதான் பெயர். நூல் சுற்றும் பெண்கள்கூட "ஏனுங் உதவி, இந்தக் கூடையக் கொஞ்சம் தூக்குங்க" என்பார்கள்.

மாஸ்டர் மலைக்காரரை மட்டும் நிறுத்திவைத்துக்கொண்டார். நான் வாசலில் நின்றிருந்தேன், காதில் விழுந்தது.

"ரெண்டு வருஷமா நெல்லியாம்பதியிலே ரெண்டாவது வந்திண்டிருக்கே. மேனேஜர்ட்ட நான் எத்தனை தடவைதான் சொல்றது? இந்தத் தடவை மறையூர் நோக்காக்கும். ஜெயிச்சா பெர்மனென்ட். அடுத்த மாசமே லைன் வீடு. சாவிய நானே வாங்கித் தரேன். ஜெயிக்கலேன்னா..." அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நேக்கு மேல ஒண்ணும் சொல்லிக்க முடியாது, கேட்டியோ. வயசு இருபத்தெட்டாறது. உன் எடத்துக்கு ஒரு பையனைப் பாக்கச் சொல்லியாச்சு."

"ஆகட்டுங்க" என்றார் மலைக்காரர். வெளியே வந்து என்னைப் பார்த்து, "லைன் வீட்டுல சமையக்கட்டு கெழக்கப் பாத்தா, மேக்கப் பாத்தாடா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

தையில் பாலக்காட்டுப் பந்தயம். காற்று முதுகில். கஞ்சிக்கோடு தாண்டும்போது நாங்கள் மிதிக்கவில்லை, பறந்தோம் என்றுதான் சொல்ல வேண்டும். நான் முன்னால், என் பின்சக்கரத்தை ஒட்டிச் சமவெளிக்காரர். உதவி என்றால் இதுதான். நட்சத்திரத்தின் களைப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி உன் காலில் போட்டுக்கொள்வது. கடைசி வளைவில் "விலகுடா உதவி!" என்று ஒரு கத்தல். விலகினேன். என் காதோரம் ஒரு லாரி போன மாதிரி போனார். முதல் இடம். மாலையோடு என்னைத் தூக்கிச் சுற்றினார். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்துக்கு இன்றைக்கும் காரணம் தேடிக்கொண்டிருக்கிறேன். ஜெயித்தது நானில்லையே!

மலைக்கு நாங்கள் பழகியது நெல்லியாம்பதிச் சாலையில். போத்துண்டி அணைக்குப் பக்கத்தில் ஒரு சாயாக்கடை. அங்கே நின்று, சைக்கிளில் மாட்டியிருக்கும் அலுமினியக் குப்பிகளைக் கழற்றிக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு ஏறுவோம். அது எங்கள் அணியின் வழக்கமாகவே ஆகிவிட்டது. தண்ணீரைச் சுமந்துகொண்டு மலை ஏறுவானேன்? அந்தச் சாலையில் வளைவுக்கு வளைவு ஓடை. பாறையிலிருந்து சொட்டும், மரத்தடியில் கசியும், கோடையிலும் ஏதோ ஒரு ஈரம் நம்மோடு கூடவே ஏறி வரும். நான் முந்திப் போய் இறங்கி, துண்டை நனைத்து, கைகளைக் குவித்து நிற்பேன். மலைக்காரர் வந்து, மிதிப்பதை நிறுத்தாமல், என் கையிலிருந்து குடித்துவிட்டுப் போவார். இரண்டு மாதம் இப்படி. குப்பியில்லாத சைக்கிள் காகிதம் மாதிரி இருக்கும்.

மறையூர்ப் பந்தயத்துக்கு நாங்கள் போனது அதுவே முதல் தடவை. உடுமலையில் புறப்பட்டு, காட்டுக்குள் நுழைந்து, சின்னாறு பாலத்தில் எல்லை தாண்டி, அப்புறம் ஏற்றம். அந்தச் சாலையை எங்களில் யாரும் பார்த்ததில்லை. மலை என்றால் மலை. அதுவும் கேரளத்து மலை. மேலே மூணார், மேகம், தேயிலை. இதில் பார்க்க என்ன இருக்கிறது என்று நினைத்தோம்.

மாசிக் கடைசி. உடுமலையில் விடிந்தும் விடியாத நேரத்தில் முப்பது முப்பத்தைந்து பேர் கோட்டில் நின்றோம். எங்களுக்குப் பக்கத்தில் ஒருவர். நாற்பது வயது இருக்கும். தேயிலை எஸ்டேட் ஆபீஸில் தபால் கொண்டுபோகிற சைக்கிள், கேரியரை மட்டும் கழற்றியிருந்தார். அதில் கியர் இல்லை. பின்பல் சக்கரம் மட்டும் பெரிதாகப் போட்டிருந்தது, ஏற்றத்துக்கென்று. ஹேண்டில்பாரில் ஒரு சாக்குப்பை, அதற்குள் நாலு சோடாக் குப்பி, வாயில் தக்கை. குலுங்கும்போது கிணுகிணு என்றது.

சமவெளிக்காரர் அன்றைக்கு ஓட்டவில்லை, மாஸ்டரோடு லாரியில் முன்னால் போக வேண்டியவர். ஆனால் வாய் சும்மா இருக்காதே.

"ஏனுங்ணா, போற வழீல கடை போடப் போறீங்களா?"

அந்த மனிதர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஆமாவே. மேல யாவாரம் நல்லா இருக்கும், பாத்துக்கிடும்."

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

சின்னாறு வரை சாலை எங்களைத் தாலாட்டியது. காட்டுக்குள் வெயில் இன்னும் இறங்கவில்லை. நாங்கள் ஒரு கூட்டமாகவே பாலத்துக்கு வந்தோம். பாலத்தடியில் பாறைக்குழிகளில் தண்ணீர் பளபளத்தது. அக்கரையில் செக்போஸ்ட்டில் ஒரு பாரஸ்ட் கார்டு நின்றிருந்தார். அங்கேதான் நான் அதைச் செய்தேன்.

"ண்ணா, குப்பிய இங்கயே குடுத்தரலாங்ணா."

மலைக்காரர் ஒரு கணம் யோசித்தார். "வேண்டாமாடா?"

"நெல்லியாம்பதிக்கு வெச்சுட்டுத்தானுங் போவோம்? மேல ஓடை இருக்குமுங்ணா. நான் முந்திப் போயி நிக்கறேன்."

அவர் தம்முடைய குப்பியைக் கழற்றி என்னிடம் நீட்டினார். எங்கள் நாலு பேர் குப்பிகளையும் ஓடுகிற சைக்கிளிலிருந்து கார்டின் கையில் திணித்தேன். அவர் மலையாளத்தில் ஏதோ கத்தினார். வாழ்த்துகிறார் என்று நினைத்துக் கையசைத்தேன்.

முதல் வளைவில் ஓடை இல்லை. சரி, அடுத்ததில் இருக்கும். இரண்டாவதில் வெள்ளைப் பாறை, அதன்மேல் கள்ளி. மூன்றாவதில் யானைச் சாணம், காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. நான் முந்திப் போய்ப் போய் ஏமாந்து நின்றேன். இலையில்லாத மரங்கள். முள். ஈரத்தின் வாசனை மருந்துக்கும் இல்லை. மழை அந்தப் பக்கமே பெய்துவிட்டு, இந்தப் பக்கத்தைத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுகிற மலை அது. எனக்கு எப்படித் தெரியும்? தெரிந்திருக்க வேண்டும். நாங்களே வறண்ட ஊர்க்காரர்கள்தானே! ஆனால் மலை என்றால் ஓடை என்று கால் பழகிவிட்டது. கால் பழகியதை மண்டை கேள்வி கேட்கவில்லை.

ஒரு திருப்பத்தில் பள்ளத்தாக்கு திறந்தது. தொலைவில் எதிர்மலையில் ஒரு அருவி. வெள்ளை நூல் மாதிரி, மில்லில் அறுந்து தொங்குமே, அது மாதிரி. சத்தம்கூட வரவில்லை. நானும் மலைக்காரரும் ஒரே நேரத்தில் அதைப் பார்த்தோம். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எங்களவர்கள் மற்ற இருவரும் எப்போதோ கழன்றுவிட்டார்கள். முன்னால் ஒருவர்தான், சோடாக் குப்பிகளோடு வந்த எஸ்டேட்காரர். கிணுகிணு என்று வளைவுக்கு வளைவு கேட்டுக்கொண்டே இருந்தது. அப்புறம் நாங்கள் இருவர். எங்களுக்குப் பின்னால் வெகுதூரத்துக்கு யாருமில்லை. மலைக்காரரின் உதடு வெடித்து வெள்ளையாகியிருந்தது. அவர் இடது காலை உதறினார். மறுபடி உதறினார். பிடிப்பு ஏறுகிறது.

"ண்ணா, என்ற தப்புங்ணா. நாந்தான்..."

"பேசாத" என்றார். "மூச்சு செலவாவும்."

அவ்வளவுதான். ஒரு சொல் திட்டவில்லை. அவருக்கு வர வேண்டிய லைன் வீடு அந்த மலையின் உச்சியில் இருந்தது. கதவும் ஜன்னலும் சமையற்கட்டுமாக. அதை நான் செக்போஸ்ட் கார்டு கையில் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். எனக்கு அழுகை வந்தது, கண்ணீர் வரவில்லை. அதற்கும் தண்ணீர் வேண்டும் போலிருக்கிறது.

கிணுகிணு சத்தம் நெருங்கியது. முன்னால் போனவர் வேகத்தைக் குறைத்து எங்களோடு சேர்ந்துகொண்டார்.

"என்னவே, நாக்கு தரையில இழுபடுது?"

மலைக்காரர் வெடித்த உதட்டை நாக்கால் தடவினார்.

"தண்ணி கொண்டாரலியா? சின்னாறுக்கு மேல தண்ணி கெடையாதுன்னு பச்சப்புள்ளைக்குத் தெரியுமே!" ஒரு சோடாக் குப்பியை உருவினார், தக்கையைப் பல்லால் கடித்துத் துப்பினார். "பிடியும். காலையில சிரிச்சீருல்லா? இப்பம் குடியும்."

மலைக்காரர் கையை நீட்டவில்லை. நான் நீட்டினேன். வாங்கி அவர் வாயில் வைத்தேன். முதல் மடக்கு வழிந்து கழுத்தில் போயிற்று. அப்புறம் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். எனக்கும் ஒரு குப்பி வந்தது. வெதுவெதுவென்று, தக்கை வாசனையோடு, கொஞ்சம் உப்புப் போட்ட தண்ணீர். அதற்கப்புறம் நான் எத்தனையோ ஊரில் எத்தனையோ குடித்துவிட்டேன். இன்னும் என் நாக்கு அந்த உப்பைத் தேடுகிறது.

கால் மணி நேரத்தில் மலைக்காரருக்கு உயிர் வந்தது. பிடிப்பு விட்டது. அந்தச் சாந்தம் முகத்தில் திரும்பியது. கடைசி ஏற்றம் முடிந்து, சந்தன மரங்களைக் கடந்து, சாலை சமமாகி, மறையூரின் கரும்புக் காடு இரண்டு பக்கமும் பச்சையாக எழுந்தது. தூரத்தில் வெல்லம் காய்ச்சுகிற கொட்டகைகளின் புகை. இன்னும் இரண்டு மைல். முழுக்கச் சமம். எஸ்டேட்காரரின் பெரிய பல்சக்கரம் இங்கே அவருக்கு எதிரி. கால் ராட்டினமாகச் சுற்றுகிறது, சைக்கிள் நகர மாட்டேன் என்கிறது. எங்களவருக்கு ஐந்து கியர். ஒரு தட்டுத் தட்டினால் போதும், போய்விடலாம்.

போகவில்லை. எஸ்டேட்காரரின் பின்சக்கரத்தை ஒட்டி, அதே வேகத்தில், பணிவாகப் போய்க்கொண்டிருந்தார்.

"ண்ணா, போங்ணா!" நான் கத்தினேன்.

"அவரு மொறைடா" என்றார்.

எனக்குப் புரிந்தது. மலைக்காரரின் குடும்பத்துக்கு வேலந்தாவளம் பக்கம் நிலம். ஒரே கிணறு, நாலு பங்காளிகள். இன்னாருக்கு இத்தனை நாழிகை தண்ணீர் என்று முறை. ஒருவன் பயிர் வாடினால் இன்னொருவன் தன் முறையை விட்டுக்கொடுப்பான். ஆனால் அடுத்த தடவை கொடுத்தவன்தான் முதலில் இறைக்க வேண்டும். அதுவரை வாங்கியவன் மோட்டார் சுவிட்ச்சில் கை வைக்க மாட்டான், பயிர் கருகினாலும் சரி. அந்தப் பக்கத்தில் அண்ணன் தம்பி பேசாமல் இருப்பார்கள், கோர்ட்டுக்குப் போவார்கள், ஆனால் இதை மீறியவன் கிடையாது. மலைக்காரர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டார். இனி கொடுத்தவர்தான் முதலில்.

இது சாலை, கிணறு இல்லை என்று அவரிடம் சொல்லிப் பிரயோசனமில்லை. நான் எழுந்து நின்று மிதித்து எஸ்டேட்காரருக்கு இணையாகப் போனேன்.

"ஏனுங்ணா... அவரு உங்கள முந்த மாட்டாருங்க."

"ஏன்? கால் போயிட்டா?"

"தண்ணி குடுத்தீங்கல்லங்க. எங்கூர்ல மொறை அப்படி. வாங்குனவங்க குடுத்தவங்களுக்கு முன்னால போக மாட்டாங்க. திருப்பிக் குடுத்தாத்தான் சரியாவும்."

அவர் திரும்பி மலைக்காரரைப் பார்த்தார். மலைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"கிறுக்குப்பயலுவ ஊரு!" என்றார் எஸ்டேட்காரர். "எவன்வே பந்தயத்துல கெணத்தக் கொண்டாந்து வச்சான்? எனக்கும் செயிக்கணும்னுதான் ஆச. ஆனா ஒருத்தன் பின்னால நாய்க்குட்டி மாதிரி வரும்போது முன்னால போயிச் செயிச்சா, எங்க எஸ்டேட்டு லயத்துல போயி என்னன்னு சொல்லுவேன்?" இரண்டு மிதி மிதித்தார். "என்ன, தண்ணியத் திருப்பித் தரணும், அம்புட்டுதான?"

பிரேக் பிடித்தார்.

பந்தயத்தின் நடுவே, முதலிடத்தில் இருந்தவர், சைக்கிளை நிறுத்திவிட்டுச் சாலையோரம் இறங்கினார். கரும்புக்குப் பாயும் வாய்க்கால் அங்கே ஓடிக்கொண்டிருந்தது. மலைக்காரரும் நிறுத்தினார். நானும் நிறுத்தினேன், வேறென்ன செய்ய? கரும்பு வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் அரிவாளோடு நிமிர்ந்து பார்த்தார்கள்.

"வாரும். கையில அள்ளித் தாரும். சீக்கிரம்வே, பின்னால வந்துருவானுவ!"

மலைக்காரர் வாய்க்காலில் இறங்கி, இரண்டு கையிலும் அள்ளி, ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் கொண்டுவந்தார். எஸ்டேட்காரர் குனிந்து குடித்தார். இன்னொரு தடவை. மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"தீந்துதா?"

"தீந்துதுங்க" என்றார் மலைக்காரர்.

"அப்பம் மிதி! இனிமே ஒரு இஞ்சு விட மாட்டேன், ஆமா."

இரண்டு பேரும் ஒன்றாக ஏறினார்கள். நான் பெடலில் காலை வைத்து நிமிர்வதற்குள் ஐம்பது கஜம் போய்விட்டார்கள். பின்னாலிருந்து இரண்டு முதுகுகளைத்தான் பார்த்தேன். ஒன்று ஊதா, ஒன்று காக்கி. எஸ்டேட்காரரின் கால் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றியது. சாக்குப்பையில் மிச்சமிருந்த குப்பிகள் ஜதி போட்டன. ஒரு இஞ்சு அவர் விடவில்லை. கரும்பு முடிந்து கடைகள் வந்தன, கூட்டம் வந்தது, சீட்டியடித்தார்கள். கோட்டைத் தாண்டியபோது எங்களவரின் முன்சக்கரம் பாதியளவு முன்னால் இருந்தது. பாதிச் சக்கரம். ஐந்து கியருக்கும் ஒரு கியருக்கும் நடுவே அவ்வளவுதான் தூரம்.

வாய்க்காலில் நிறுத்தாமல் போயிருந்தால் எஸ்டேட்காரர் ஜெயித்திருப்பார். அது அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

மாஸ்டர் ஸ்டாப்வாட்சும் கையுமாக ஓடிவந்தார். "ஜெயிச்சுட்டே! ஜெயிச்சுட்டேடா! ஆனா நான் போட்ட கணக்குக்கும் இதுக்கும் ரெண்டு நிமிஷம் இடிக்கறதே, எங்கே போச்சு?"

"தண்ணி மொறைங்க" என்றார் மலைக்காரர்.

"என்ன மொறை?"

சமவெளிக்காரருக்கு மட்டும் அது உடனே புரிந்தது. அவரும் எங்கள் பக்கத்துக்காரர்தானே. வாழ்க்கையில் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டு, எஸ்டேட்காரரிடம் போய், தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். "காலையில பேசுனதுக்கு மன்னிக்கோணுமுங்க."

"அதெல்லாம் ஒண்ணுமில்லவே. யாவாரம் நல்லா நடந்துது."

பரிசு கொடுத்தார்கள். இரண்டாம் பரிசு ஒரு சின்னக் கோப்பையும் உருண்டை வெல்லம் ஒரு மூட்டையும். அவர் மூட்டையைச் சைக்கிளின் குறுக்குத்தண்டில் கட்டினார். எங்கள் லாரியில் சாப்பிட உட்காரச் சொன்னோம். ராத்திரி பாக்டரியில் ஷிப்ட் இருக்கிறது என்றார். கிளம்பி, மூணார்ச் சாலையில், மறுபடி ஏற்றத்தில், மிதித்துக்கொண்டு போனார். இன்னும் இருபத்தைந்து மைல் மலை! நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம். பெயரைக் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. எந்த எஸ்டேட் என்றுகூடக் கேட்கவில்லை.

மாஸ்டர் சொன்ன சொல் தவறவில்லை. பங்குனியில் சாவி வந்தது. லைன் வரிசையில் கடைசிக்கு முந்தின வீடு, ஒரு அறை, ஒரு சமையற்கட்டு, ஓடு போட்டது. சமையற்கட்டு கிழக்கும் பார்க்கவில்லை, மேற்கும் பார்க்கவில்லை, பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தது. மனைவியும் குழந்தையும் வந்த முதல் ஞாயிறு என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். மலைக்காரர் சட்டையில்லாமல் தரையில் உட்கார்ந்திருந்தார். குழந்தை அவர் முதுகில் ஏறிக்கொண்டிருந்தது. விருந்தாளி நான்தான்.

அவர் மனைவி எனக்கு இரண்டாவது தோசையை வைத்தபோது, "நெம்ப நல்லா இருக்கோணும் தம்பி நீங்க" என்றாள். "இவரு எல்லாம் சொன்னாரு. நாக்கு வறண்டு உழுகப் போனப்ப நீங்கதான் தண்ணி குடுத்தீங்களாமா. அந்தத் தண்ணி இல்லாட்டி இந்த ஊடு இல்லீன்னு சொன்னாரு."

நான் மலைக்காரரைப் பார்த்தேன். அவர் குழந்தையின் கொலுசைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"உன்ற கையிலதானடா குடிச்சேன்" என்றார், நிமிராமல்.

அந்த இடத்தில் சும்மா இருந்திருக்கலாம். அவர் எனக்காகக் கட்டிக்கொடுத்த நல்ல பெயர் அது. இருக்க முடியவில்லை. குப்பிகளைக் கொடுத்தது நான், ஓடை இருக்கும் என்றது நான், காய்ந்து சாகக் கிடந்தது என்னால்தான், தண்ணீர் வேறொருவருடையது என்று ஒன்றுவிடாமல் அவளிடம் சொன்னேன். வாய்க்காலில் நின்றதையும் சொன்னேன். அவளுக்கு அது தெரியாது. கணவர் அவளிடம் அதைச் சொல்லவே இல்லை.

அவள் கரண்டியோடு நின்றாள். முதலில் சிரித்தாள். "அப்படிங்களா? அப்ப உங்களுக்கு ரெண்டு தோசைதான். மூணாவது கெடையாது."

அப்புறம் சிரிப்பு நின்றது. கணவர் பக்கம் திரும்பினாள்.

"தண்ணியத்தானுங் திருப்பிக் குடுத்தீங்க. இந்த ஊட்ட எப்படித் திருப்பிக் குடுக்கறது?"

அடுப்பில் கல் புகைந்தது. பக்கத்து வீட்டில் யாரோ ரேடியோவைத் திருகினார்கள். குழந்தை இறங்கி வந்து என் தட்டிலிருந்து ஒரு துண்டு பிய்த்துத் தின்றது. அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டுதான் நான் அப்புறம் ஊர் ஊராகத் திரிந்தேன் என்று சொன்னால் மிகையாக இருக்கும். ஆனால் யாராவது எதையாவது எனக்குத் தந்தால், உடனே கையில் அள்ளித் திருப்பித் தர முடிகிற மாதிரி ஒரு வாய்க்கால் பக்கத்தில் ஓடுகிறதா என்று பார்க்கிற பழக்கம் எனக்கு அன்றைக்கு வந்தது. பெரும்பாலும் ஓடுவதில்லை. அதனால் நன்றியோடு இருக்கிறேன், வேறு வழியில்லாமல்.

அவள் கல்லில் எண்ணெய் தடவி, மாவை ஊற்றி, வட்டமாக இழுத்தாள். ஓரம் சிவந்ததும் எடுத்து என் தட்டில் போட்டாள். மூன்றாவது.